முக்காலிகள் மேல் கட்டிய நாடாளுமன்றம்

ஜெனரல் ஓடிப்போய், தேர்தல் என்ற ஒன்று வந்து, குடைக் கட்சி ஜெயித்து, உரல் கட்சி தோற்று, தோற்றவர்களை யாரும் பிடித்து உள்ளே போடாத அதிசயத்தைப் பார்த்துக் கிரூவே நாட்டு சனங்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்த முதல் வருஷத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தலைநகர் தொரூபாவின் புது நாடாளுமன்றக் கட்டடம் கிழக்கே பார்த்திருந்த தன் முகத்தை வடக்கே திருப்பிக்கொண்டது. இடியவில்லை, விரிசல் விடவில்லை, ஒரு சன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. பாயில் படுத்திருக்கிறவன் புரண்டு படுக்கிற மாதிரி, தூண்கள், படிகள், கொடிமரம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு சாவகாசமாகத் திரும்பியது. வாசலில் தேநீர் விற்கிறவள்தான் முதலில் பார்த்தாள். பார்த்தவள் கத்தவில்லை, கூட்டம் கூட்டவில்லை. "வெயில் இந்தப் பக்கம் வந்துருச்சே" என்று சொல்லிக்கொண்டே அடுப்பையும் பெஞ்சையும் நிழலுக்கு இழுத்துப் போட்டாள்.

அந்நேரம் வெளியுறவு அமைச்சர் கபூசோ வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி நமேலா, எதிர்க்கட்சியான உரல் கட்சியின் உறுப்பினர், சிந்தாலே என்ற கடற்கரை ஊரிலிருந்து ஜெயித்து வந்தவள், சோளக் கஞ்சி குடித்துக்கொண்டே வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீட்டு வெளிக்கதவில் இடது பக்கம் குடை வரைந்திருக்கும், வலது பக்கம் உரல் வரைந்திருக்கும். நடுவில் தாழ்ப்பாள் மட்டும் பொது. வீட்டுக்குள் நீ, வா, போ. சபைக்குள் போய்விட்டால் "மாண்புமிகு அமைச்சர் அவர்களே" என்று அவள் ஆரம்பிப்பாள், அவர் கோப்பைப் புரட்டத் தொடங்கிவிடுவார்.

"நாடாளுமன்றம் வடக்கே திரும்பிருச்சாம்" என்றாள் நமேலா.

"யாரு சொன்னா?"

"வானொலியில சொல்றான். வடக்கே யாரு இருக்கா? கோதுமைக்காரங்க தூதரகம்தானே இருக்கு. நேத்து விருந்துல அவங்களுக்கு என்ன வாக்குக் குடுத்த?"

கபூசோ போட்ட டை முடிச்சை மறுபடி அவிழ்த்தார். விருந்தில், ஆட்டுக்கறியை மென்றுகொண்டே, உலக சபையில் எங்கள் ஓட்டு உங்களுக்குத்தான் என்று கோதுமைக்காரத் தூதர் காதில் அவர் சொன்னது வாஸ்தவம். பக்கத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது.

இந்த இடத்தில் கிரூவே சனங்களின் முக்காலிப் பழக்கத்தைச் சொல்லாவிட்டால் கதை நகராது. அங்கே கல்யாணத்தன்று ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று முக்காலி செதுக்கிக் கொடுப்பார்கள். அது சாகிறவரை கூடவே வரும். ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டால் அதை நிறைவேற்றுகிறவரை அவர் இருக்கிற திக்கைப் பார்த்துத்தான், ஒரே வீட்டில் இருக்கிறவர் என்றால் வாக்கில் சொன்ன பொருளைப் பார்த்துத்தான், முக்காலியைப் போட்டு உட்கார வேண்டும். அத்தைக்கு ஆடு தருகிறேன் என்றவன் அத்தை ஊரைப் பார்த்துச் சாப்பிடுவான். பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்றவன் அவள் வீட்டைப் பார்த்து உட்காருவான், ஊரே பார்த்துச் சிரிக்கும். கொடுத்த வாக்கை மீற நினைக்கிறவனும், கொடுக்கக் கூடாத வாக்கைக் கொடுத்துவிட்டவனும் நாலு பேர் முன்னால் முக்காலியைக் கவிழ்த்துவிட்டு நிற்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கையால் அதை நிமிர்த்திப் போடுகிறவரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். ஜெனரல் ஆட்சிக்கு வந்ததும் முதல் வேலையாக முக்காலிகளைத் தடை செய்து, சுழல் நாற்காலிகளை இறக்குமதி செய்தான். அவனுக்கு இருந்த வாக்குகளுக்கு அவன் வேறென்ன செய்வான், பாவம்.

அவன் போன பிறகு புது நாடாளுமன்றம் கட்டினார்கள். சிமெண்டு கோதுமைக்காரர்கள் கொடுத்தது, கம்பி ரோடுக்காரர்கள் கொடுத்தது, வரைபடம் பழைய துரைமார்கள் கொடுத்தது. அந்தந்த நாட்டுக்கு நீண்ட நீண்ட பேர்கள் உண்டு; ஆனால் சனங்கள் யார் என்ன கொண்டுவந்தார்களோ அதை வைத்துத்தான் கூப்பிடுவார்கள், துரைமார்கள் மட்டும் கொண்டுபோனதுதான் அதிகம் என்பதால் துரைமார்களாகவே இருந்துவிட்டார்கள். எல்லாம் அடுத்தவன் கொடுத்ததாக இருக்கிறதே, நம்முடையது என்று அஸ்திவாரத்தில் ஏதாவது வேண்டாமா என்று கண்ணீர் மல்க ஒருவர் மேடையில் பேசினார். மாவட்டத்துக்கு ஒரு முக்காலி கொண்டுவாருங்கள், அதன் மேல் கட்டுவோம் என்றார். பேசினவர் வேறு யாருமில்லை, நம்ம கபூசோதான். ஒளித்து வைத்திருந்த முக்காலிகளை எடுத்துக்கொண்டு ஆடிப்பாடி வந்து புதைத்தார்கள். முக்காலியைப் புதைத்தால் அது சும்மா கிடக்குமா, அதற்கென்று ஒரு குணம் உண்டே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே கட்டடம் ஏன் திரும்பியது என்று தொரூபாவில் யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை. குழாய் வேலைக்காரர்கள் வந்து தண்ணீர்க் குழாய்களுக்கு ரப்பர் மாட்டிவிட்டுப் போனார்கள். மின்சாரக் கம்பியைக் கொஞ்சம் தாராளமாக விட்டார்கள். காவலாளிகள் காலையில் வந்ததும் வாசல் எங்கே என்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு அங்கே போய் நின்றார்கள். வானொலியில் மழை வருமா, காற்று எப்படி, நாடாளுமன்றம் எந்தப் பக்கம் என்று வரிசையாகச் சொன்னார்கள். காதலர்கள் பின்பக்கத்து மாமரத்தடியில் சந்திப்பதாகப் பேசிவைத்து, மறுநாள் அது முன்பக்கமாகிவிட, அமைச்சர்களின் கார் வரிசைக்கு நடுவே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். தேநீர்க்காரி அடுப்புக்குச் சக்கரம் வைத்துக்கொண்டாள்.

தூதர்கள் பாடுதான் திண்டாட்டம். காலையில் எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் மாடிக்கு ஓடி, கட்டடத்தின் முகம் தெரிகிறதா முதுகு தெரிகிறதா என்று பார்த்தார்கள். முதுகு தெரிந்த அன்றைக்கே ஒரு ஆஸ்பத்திரியோ, பத்துப் பேருந்தோ, ஒரு கால்பந்து மைதானத்துக்கு விளக்கோ பரிசாக வந்து இறங்கியது. பத்திரிகைக்காரர்கள் கபூசோவை மடக்கி, எல்லோருக்கும் நண்பன், யார் பக்கமும் சாயமாட்டோம் என்றீர்களே, இதென்ன என்று கேட்டபோது, "காற்றோட்டத்துக்காக அப்படி வடிவமைத்திருக்கிறோம்" என்றார். மறுநாள் சபையில் நமேலா எழுந்து, "மாண்புமிகு அமைச்சர் அவர்களே, இன்றைக்குக் காற்று எந்தத் தூதரகத்திலிருந்து வீசுகிறது?" என்றாள். குடைக் கட்சிக்காரர்களே குனிந்துகொண்டு சிரித்தார்கள்.

இப்படியே போயிருந்தால் கதை வேடிக்கையோடு முடிந்திருக்கும். ஆனால் பெரியவர் கூப்பிட்டனுப்பினார். பெரியவர் என்றால் ஜனாதிபதி. குடைக் கட்சியின் தலைவர். அடுத்த தேர்தலைத் தவிர வேறெதையும் கனவில்கூடக் காணாதவர்.

"தம்பி, ரோடுக்காரங்க ரயில் போட்டுத் தர்றாங்க. தேர்தலுக்கு முன்னாடி ஓட விட்டுருவாங்களாம்."

"நல்லதுதானே, பெரியவரே."

"பதிலுக்கு சிந்தாலே வளைகுடாவக் கேக்குறாங்க. போர்க்கப்பல் நிறுத்தணுமாம். ஊரக் கொஞ்சம் ஒதுக்கணும்."

"ஒதுக்குறதுன்னா?"

"காலி பண்றது. ஒரு ஊருதானே. அதுவும் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஊரு."

"நான் பொண்ணு கட்டின ஊரு அது பெரியவரே. என் சம்சாரத்தோட தொகுதி."

"அதனாலதான் உன்கிட்ட சொல்றேன். வேற எவன் குடுத்தாலும் சண்டை வரும். நீ குடுத்தா, வீட்டுச் சண்டைதான் வரும்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

சிந்தாலேயில் நமேலாவின் வீடு ஒன்று இருக்கிறது. கடல் பக்கம் சன்னல் வைத்தால் சனங்கள் வெளிநாட்டுக் கப்பலுக்குச் சைகை காட்டுவார்கள் என்று பயந்து, ஜெனரல் அந்த ஊரின் கடல் பக்கத்துச் சன்னல்களையெல்லாம் செங்கல் வைத்து அடைத்திருந்தான். கபூசோவும் நமேலாவும் அவனுடைய சிறையில்தான் பழக்கமானார்கள். கல்யாணத்தன்று அவள் வேறெதுவும் கேட்கவில்லை. ஜெனரல் போனதும் என் வீட்டுச் சன்னலைத் திறந்து வை என்று மட்டும் கேட்டாள். என் கையால் திறக்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். ஜெனரல் ஓடிப்போன வாரத்திலேயே ஊரெல்லாம் சுத்தியலும் கையுமாகக் கிளம்பி அவரவர் சன்னலை உடைத்துத் திறந்தார்கள். வெளியுறவு அமைச்சருக்கு மட்டும் நேரமில்லை. ஜெனரலுக்குத் தெரியாமல் கல்யாணத்துக்குச் செதுக்கிய அவருடைய முக்காலி அந்த வீட்டில் இன்னும் அடைத்த சுவரைப் பார்த்தபடியே கிடந்தது.

கபூசோ கெட்டவர் இல்லை. கெட்டிக்காரர், அதுதான் வினை. ரயில் வந்தால் நாட்டுக்கு நல்லது என்று நிஜமாகவே நம்பினார். வளைகுடாவை ரோடுக்காரர்களுக்கு என்று சொன்ன அடுத்த நிமிஷமே கட்டடம் அவர்கள் தூதரகம் இருக்கிற மேற்கே திரும்பிவிடும், நமேலா பிடித்துக்கொள்வாள் என்பதும் தெரியும். கப்பல் கயிற்றால் கட்டிப் போடலாமா என்று யோசித்தார், சிரிப்பாய்ச் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டார். பிறகு ஒரு யோசனை வந்தது. வளைகுடாவை மூன்று பேருக்குமே வாக்குக் கொடுத்துவிட்டால்? வடக்கே கோதுமைக்காரன் இழுப்பான், மேற்கே ரோடுக்காரன் இழுப்பான், கிழக்கே துரை இழுப்பான். மூன்று பேர் இழுக்கிற கயிறு எந்தப் பக்கமும் போகாது. சுதந்திர தினத் தேநீர் விருந்தில், கையில் கோப்பையோடு, ஒவ்வொரு தூதராகப் போய், "சிந்தாலே உங்களுக்குத்தான், ஆனா யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு அவருக்குக் கேக் ரொம்பவும் ருசித்தது.

மறுநாள் காலை நாடாளுமன்றம் சுற்ற ஆரம்பித்தது.

முதலில் மெதுவாகத்தான் சுற்றியது. வடக்கே ஒரு பார்வை, மேற்கே ஒரு பார்வை, தெற்கைச் சட்டென்று தாண்டி, கிழக்கே ஒரு பார்வை, மறுபடி வடக்கே. சனங்கள் பாயும் வேர்க்கடலையுமாக வந்து உட்கார்ந்தார்கள். நாடு முன்னேறுகிறது, பாருங்கள் எவ்வளவு வேகம் என்றார்கள் குடைக்காரர்கள். எங்கே முன்னேறுகிறது, நின்ற இடத்திலேயே சுற்றுகிறது என்றார்கள் உரல்காரர்கள். மூன்று தூதர்களும் அவரவர் மாடியில் நின்று, முகப்பு தங்கள் பக்கம் வரும்போதெல்லாம் கைகூப்பினார்கள். வேகம் ஏற ஏற அவர்களுக்குக் கை வலிக்கத் தொடங்கியது.

உள்ளே சபை நடந்துகொண்டிருந்தது. தலை சுற்றியதைப் பேச்சின் விளைவென்றே பலரும் முதலில் நினைத்தார்கள், வழக்கம்தானே. அப்போது நமேலா எழுந்தாள். சிந்தாலே கடற்கரையில் விடியற்காலையிலேயே மூன்று நாட்டு ஆட்கள் ஒரே நேரத்தில் அளவு நாடாவோடு வந்து, ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காத மாதிரி மீன் காயப்போட்ட பந்தல்களுக்கிடையே குனிந்து குனிந்து அளந்துவிட்டுப் போனதாக ஊரிலிருந்து சேதி வந்திருந்தது. "என் ஊர் யாருக்கு வாக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது? பதில் தெரியாமல் நான் இந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் கட்டடம் இன்னும் வேகம் பிடித்தது. சபாநாயகர் சபையை ஒத்திவைத்துவிட்டு, ஓடுகிற பேருந்திலிருந்து இறங்குகிற மாதிரி படியிலிருந்து குதித்தார். பின்னாலேயே இரண்டு கட்சிக்காரர்களும், அரசியல் வரலாற்றில் முதல் முறையாகக் கைகோத்துக்கொண்டு, குதித்தார்கள். நமேலா மட்டும் உள்ளே இருந்தாள்.

ஓடுகள் பறந்தன. ஒரு தூணில் நீளமாக விரிசல் விட்டது. வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு தள்ளிப் போனார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் பிய்த்துக்கொண்டுவிடும் என்றார் பொறியாளர், யாரும் கேட்காமலேயே. எல்லோரோடும் சேர்ந்து குதித்துவிட்ட கபூசோ கீழே நின்றிருந்தார். சன்னல் வழியே நமேலாவின் மஞ்சள் தலைத்துணி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் தெரிந்து மறைந்தது. ரயில், தேர்தல், பெரியவர் எல்லாம் ஒரு நொடியில் மனதைவிட்டுப் போய், அவள் செத்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்ற ஒரே நினைப்பு மட்டும் நின்றது.

"ஐயா, படி வரும்போது கூடவே ஓடணும். நின்ன இடத்துலருந்து தாவுனா தூக்கி எறிஞ்சிரும்" என்றாள் தேநீர்க்காரி.

ஓடினார். முதல் தடவை தூக்கி எறிந்தது, ஒரு செருப்பு போனது. அடுத்த தடவை டை கொடிமரத்தில் மாட்டிக்கொள்ள, அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவு நிலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தவழ்ந்து உள்ளே போனார். நமேலா பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வெளிய வந்துரு நமேலா."

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே, கேள்விக்குப் பதில்."

"வீட்டுல போய்ச் சொல்றேன்."

"வீட்டுல கேட்டா சபையில சொல்றேங்கற. சபையில கேட்டா வீட்டுலங்கற. இங்க மைக் இருக்கு. சொல்லு."

கபூசோ மைக்கைப் பிடித்துக்கொண்டார். அது வெளியே மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி வரைக்கும் கேட்டது. "சிந்தாலேய ரோடுக்காரங்களுக்குக் குடுக்கறதா வாக்குக் குடுத்தேன். நீ கண்டுபிடிச்சுரக் கூடாதுன்னு கோதுமைக்காரங்களுக்கும் குடுத்தேன். துரைமாருக்கும் குடுத்தேன். அது என் அப்பன் வீட்டுச் சொத்து இல்ல. உனக்குச் சொல்லியிருக்கணும், ஊருக்குச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். மூணு வாக்கையும் திருப்பி வாங்கிக்கறேன்." சொல்லிவிட்டு, வெளியுறவு அமைச்சருக்கென்று மெத்தை தைத்துப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து, சபை நடுவில் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றார். நிற்பது லேசாக இல்லை. தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்.

கட்டடம் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம் கேட்டது. வேகம் குறைந்தது. கிழக்கைத் தாண்டியது, வடக்கைத் தாண்டியது, மேற்கைத் தாண்டியது. இதுவரை ஒரு தடவைகூட நின்றிராத தெற்கே வந்து, முகப்பை நேராக வைத்துக்கொண்டு, நின்றுவிட்டது. தெற்கே தூதரகம் எதுவும் கிடையாது. பேருந்து நிலையம்தான் இருக்கிறது. சிந்தாலேயிலிருந்தும் மற்ற ஊர்களிலிருந்தும் கருவாட்டுக் கூடையும் கோழியுமாக சனங்கள் வந்து இறங்குகிற இடம். இதென்ன, இங்கே யாருக்கு என்ன வாக்கு என்று பொறியாளர் கேட்டார். "ஓட்டுக் கேட்டு வந்தப்ப குடுத்தாங்களே, அதெல்லாம் அப்படியே தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க்காரி அடுப்பைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு அது திரும்பவில்லை. கருவாட்டு நாற்றத்தில்தான் சட்டம் இயற்றினார்கள். சீக்கிரம் சீக்கிரமாக இயற்றினார்கள். தூதர்கள் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, பேருந்து நிலையத்துப் பக்கம் வாடகைக்கு இடம் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். ரயில் வரவில்லை. பெரியவர், "ஏன் தம்பி இப்படிப் பண்ணுன" என்று வருத்தத்தோடு கேட்டு, கபூசோவைப் பதவியிலிருந்தும் கட்சியிலிருந்தும் நீக்கினார்.

கபூசோ ஒரு பெட்டியோடு சிந்தாலேக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே சுவரைப் பார்த்துக் கிடந்த தன் முக்காலியையும் முறைப்படி கவிழ்த்து வைத்துவிட்டு நின்றார். நின்றே சாப்பிட்டார், நின்றே மீன் பந்தலில் மீனைப் புரட்டிப் போட்டார், நின்றே வலை பின்னக் கற்றுக்கொண்டு தப்புத் தப்பாகப் பின்னினார். மீன் காயவைக்கிற பெண்கள் ஒருத்தர் மாற்றி ஒருத்தராக வந்து கவிழ்ந்த முக்காலியை எட்டிப் பார்த்து, "ஊரக் காலி பண்ணப் பாத்தவருதானே, கொஞ்ச நாளு நிக்கட்டும்" என்று போனார்கள். கால் வீங்கியது. அவர் யாரிடமும் குறை சொல்லவில்லை. பிறகொரு நாள் அவர்கள் கூடிப் பேசினார்கள். எங்களுக்குச் சம்மதம், ஆனால் நமேலாதான் நிமிர்த்த வேண்டும், அவளுக்குத்தான் ரெண்டு மடங்கு துரோகம் என்று சொல்லியனுப்பினார்கள்.

சபை முடிந்த ஒரு மத்தியானம் நமேலா பையோடு வந்து இறங்கினாள். அவர் வாசலில் நின்றிருந்தார். அவள் நேராக உள்ளே போய், முக்காலியை நிமிர்த்தி, தூசி தட்டி, பழைய இடத்திலேயே, அடைத்த சுவரைப் பார்க்க வைத்தாள்.

"உக்காரு."

"உன்னப் பாத்து உக்காரட்டுமா?"

"அதெப்படி? எனக்குக் குடுத்த வாக்கு இன்னும் பாக்கி இருக்கே."

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது; கால் வலி தீர்ந்ததாலா வேறெதனாலா என்று அவருக்கே தெரியவில்லை. பிறகு எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டில் சுத்தியல் வாங்கி வந்து, சட்டையைக் கழற்றிவிட்டு இடிக்க ஆரம்பித்தார். பழக்கமில்லாத கை, இரண்டு தடவை விரலில் அடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் கடைசிச் செங்கல் வெளியே விழுந்தது. உப்புக் காற்று உள்ளே வந்து நமேலாவின் மஞ்சள் தலைத்துணியைத் தூக்கியது. வளைகுடாவில் போர்க்கப்பல் எதுவும் இல்லை. படகுகள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன, பெண்கள் கூடையோடு தண்ணீருக்குள் இறங்கி நின்றிருந்தார்கள்.

நமேலா சன்னலில் கையை ஊன்றிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி யாருக்கும் எந்த வாக்கும் பாக்கியில்லாத கபூசோ, தன் முக்காலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஒரு சுற்று சுற்றினார்; எந்தப் பக்கம் போட்டாலும் கேட்க ஆளில்லை என்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. கடைசியில் சன்னலை ஒட்டி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் முகம் தெரிகிற மாதிரி போட்டு உட்கார்ந்தார்.

"கடல் அந்தப் பக்கம் இருக்கு" என்றாள் நமேலா.

"தெரியும்" என்றார்.